நழுவும் தோளும் நுண்துளை அறுவையும்: ஒரு திறனாய்வு

பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து, காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடும் பந்தயத்தில் நீங்களும் ஓடியிருப்பீர்கள். கரண்டி சற்றே சாய்ந்தால் போதும், பழம் தரையில் உருளும். நம் தோள் மூட்டும் ஏறத்தாழ இப்படிப்பட்ட அமைப்புதான். புய எலும்பின் மேல்நுனியில் உள்ள உருண்டைத் தலையின் குறுக்களவு 45 முதல் 50 மி.மீ. அது பொருந்தும் கிண்ணமோ 25 முதல் 30 மி.மீ. அகலமே உள்ளது. இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. தோளில் பந்து கிண்ணத்தின்மீது சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. இதனால்தான் கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. நம் உடலின் பெரிய மூட்டுகளில் மிகுதியாக நழுவுவது தோள் மூட்டே என்பதற்கும் இதுவே காரணம்.

கொருக்குப்பேட்டையில் என் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் பயில்கிறான். வயது 19. மாவட்ட அளவில் கபடி ஆடுபவன். தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டத்தில், பாடி வந்தவரை மடக்கப் பக்கத்து ஆட்டக்காரனுடன் கைகோத்துச் சங்கிலியாக நின்றபோது, எதிராளி பாய்ந்து வந்த வேகத்தில் இவனுடைய வலக்கை பின்னோக்கி இழுபட்டுத் தோள் நழுவியது. நண்பர்கள் இழுத்து ஏற்றிவிட்டார்கள் (இதை யாரும் செய்யக்கூடாது. நரம்பும் இரத்தக் குழாயும் அருகிலேயே ஓடுகின்றன). பிறகு மூன்று வாரம் புத்தூர்க் கட்டு. அதற்குப் பின் ஆறு முறை நழுவிவிட்டது. ஒருமுறை கும்மிடிப்பூண்டி ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடித்து நின்றபோது. மற்றொரு முறை கொடியிலிருந்து சட்டையை எடுத்தபோது! சென்ற மாதம் அவன் என்னிடம் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்தான். தனியார் மருத்துவமனை ஒன்று அச்சிட்டது. அதில் நான்கு வரிகள் கொட்டை எழுத்தில் இருந்தன. தழும்பு இல்லை. வலி இல்லை. மறுநாளே வீடு திரும்பலாம். மீண்டும் நழுவாது, 100 சதவீதம்.

"சார், ஓட்டை சின்னதா இருந்தா ஆபரேஷனும் சின்னதுதானே?" என்று கேட்டான்.

இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் கற்பிப்பவன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நேரில் சோதிக்கும் மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் துண்டறிக்கை பேசுவது துளையின் அளவைப் பற்றியும் சதவீதத்தைப் பற்றியும். தோள் நழுவுவதோ விசையைப் பற்றியது. இம்மூன்றையும் எடைபோட இயற்பியல் படித்தவனுக்கும் சற்று உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

முதல் மூன்று வரிகள்

துளை வழியாக மூட்டைப் பார்க்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. ஜப்பானில் தக்காகி என்பவர் 1918இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழல் ஒன்றைச் சடலத்தின் முழங்கால் மூட்டில் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் வத்தனாபே 1962இல் அக்கருவியின் உதவியால் கிழிந்த முழங்கால் குருத்தெலும்பை வெட்டியெடுத்தார். அவருடைய குழலின் நுனியில் ஒரு சிறு மின்விளக்கு எரிந்தது. மூட்டுக்குள் விளக்கு உடைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் உதவிக்கு வந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், ஒளியியல் அறிஞர்கள். இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்ற இயற்பியல் அறிஞரும், பஞ்சாபின் மோகாவில் பிறந்து அவரிடம் ஆராய்ச்சி செய்த நரிந்தர் சிங் கபானியும், மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியாக உருவத்தை வளைத்துக் கொண்டுசெல்லலாம் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் காட்டினர். இழைக் கற்றை வந்தபின் விளக்கை வெளியே வைத்துக்கொண்டு ஒளியை மட்டும் உள்ளே அனுப்ப முடிந்தது. பின்னர் ஹாப்கின்ஸ் இன்னொன்றும் செய்தார். பழைய குழலில் சிறுசிறு கண்ணாடி லென்சுகளும் அவற்றுக்கிடையே நீண்ட காற்று இடைவெளிகளும் இருந்தன. அவர் இதைத் தலைகீழாக்கினார். நீண்ட கண்ணாடித் தண்டுகள், அவற்றுக்கிடையே லென்சு வடிவில் குறுகிய காற்று இடைவெளிகள்! ஒளி பெரும்பாலும் கண்ணாடியிலேயே செல்வதால் குழல் ஏந்திச்செல்லக்கூடிய ஒளி ஒளிவிலகல் எண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த எண் 1.5 என்றால் ஒளி இரண்டேகால் மடங்கு. மெல்லிய லென்சுகளைப் பிடித்து நிறுத்தும் உள்வளையங்கள் தேவைப்படாததால் ஒளி செல்லும் வழியும் அகலமாகிறது. இன்று தோளில் நுழையும் 4 மி.மீ. குழலின் உள்ளே இருப்பது இந்த ஏற்பாடே. நுனி 30 பாகை சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால், குழலை அச்சில் சுழற்றினாலே பார்வை வட்டமாகச் சுற்றிவரும்.

ஆகவே 'சாவித்துவார அறுவை' என்று செய்தித்தாள்கள் எழுதும் பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. சாவித்துவாரத்தில் கண் வைத்தால் அறையின் ஒரு மூலைதான் தெரியும். இங்கோ கிண்ணத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பு, உள்ளே சேரும் தசைநாண் எல்லாமே பெரிதாகித் திரையில் தெரிகின்றன. முன்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவையில் கிண்ணத்தின் பின்புறத்தை இவ்வளவு எளிதில் பார்க்க இயலாது. நான் இப்பெயரை விட்டு 'நுண்துளை அறுவை' என்றே எழுதுகிறேன்.

நுண்துளை அறுவையின் நன்மைகள் உண்மையானவை. திறந்து செய்யும்போது மூட்டின் முன்னே திரைபோல் கிடக்கும் தசையைப் பிளக்கவோ அறுத்துப் பின் தைக்கவோ வேண்டும். துளை வழியில் அத்தசைக்குத் தீங்கு குறைவு. தொடக்கநாள் வலியும் குறைவு. தழும்பு 'இல்லை' என்பது மிகை; ஒரு செ.மீ. அளவில் மூன்று தழும்புகள் இருக்கும். வலி 'இல்லை' என்பதும் மிகையே. ஆயினும் விளம்பரத்துக்குரிய மிகை என்று விட்டுவிடலாம்.

மூன்றாவது வரியை அப்படி விட முடியாது. மறுநாள் வீட்டுக்கு வரலாம் என்பது மெய். ஆனால் வீட்டுக்கு வருவது தோல்தான்; தோளன்று. பிய்ந்த திசுவை எலும்போடு சேர்த்துத் தைத்தபின், அது எலும்பில் ஒட்டி வளர வேண்டும். அந்த வளர்ச்சி, மேலே தோலில் இருப்பது சிறு துளையா நீண்ட கீறலா என்று பார்த்து விரைவதில்லை. எந்த முறையானாலும் சில வாரம் கை தூளியில் தொங்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. மோதி ஆடும் விளையாட்டுக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு மாதம். கிரிக்கெட் வீரர் சிரேயஸ் ஐயர் 2021 மார்ச் 23 அன்று புணேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து இடத் தோளைக் காயப்படுத்திக்கொண்டதை நீங்கள் படித்திருக்கலாம். ஏப்ரலில் அறுவை நடந்தது, செப்டம்பரில்தான் ஐ.பி.எல். ஆட்டத்துக்குத் திரும்பினார். அருகிலேயே பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் இருந்த ஒருவருக்கே ஐந்து மாதம். மூட்டை தூக்கினால்தான் அன்றைய கூலி என்றிருப்பவர் 'மறுநாள்' என்ற சொல்லை நம்பி அறுவை செய்துகொண்டால், அவர் வீட்டில் யார் உலை வைப்பது? துண்டறிக்கை சொல்லியிருக்க வேண்டிய எண் மாதங்களில்தான் இருக்கிறது.

நான்காவது வரி

இனி 100 சதவீதத்துக்கு வருவோம். இதை ஆராய, தோள் ஏன் மறுபடி மறுபடி நழுவுகிறது என்பது தெரிய வேண்டும்.

கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மோதிரம்போல் ஒரு குருத்தெலும்பு வளையம் உண்டு. கிண்ணத்தின் ஆழத்தில் ஏறத்தாழப் பாதி இந்த வளையத்தால் கிடைப்பது. வளையத்தோடு மூட்டுப்பையும் தசைநார்களும் இணைந்துள்ளன. இவை தவிரக் காற்றழுத்தமும் ஒரு காவலன். மூட்டுப்பை காற்றுப் புகாத பை. தலையைக் கீழே இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று அதைத் திரும்ப அழுத்துகிறது. சிங்கப்பூரில் குமார், பாலசுப்பிரமணியம் என்ற இரு மருத்துவர்கள் சடலத் தோள்களில் இதைச் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். தசைகள் இல்லாதபோதும் தலை இடத்திலேயே நின்றது. பையில் துளையிட்டுக் காற்றைப் புகவிட்டதும் கீழே இறங்கியது. டோரிசெல்லியின் சோதனையை நாம் தோளிலேயே சுமந்து திரிகிறோம்!

தோள் முதன்முறை முன்னோக்கி நழுவும்போது வளையத்தின் முன்-கீழ்ப் பகுதி எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. ஜெர்மனியில் பெர்த்தெஸ் 1906இல் இதைக் குறிப்பிட்டார். இலண்டனில் பேங்க்கார்ட் 1923இல் இதுவே மறுநழுவலின் மூலகாரணம் என்று வற்புறுத்தினார். பிய்ந்ததைத் திரும்பத் தைப்பதுதான் சிகிச்சை என்றார். 1938இல் 27 பேருக்கு அவ்வாறு செய்து ஒருவருக்கும் மீண்டும் நழுவவில்லை என்று எழுதினார். கிரேக்க ஹிப்பாக்கிரட்டஸ் காலத்தில் அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுட்டு, தழும்பின் இறுக்கத்தால் தோளைப் பிடித்து நிறுத்த முயன்றார்கள் என்பதை நினைத்தால், பேங்க்கார்ட்டின் வழி எத்தனை தெளிவானது என்று விளங்கும். அமெரிக்காவில் ரோவும் அவர் குழுவினரும் 30 ஆண்டுகளில் இம்முறையில் திறந்து செய்த தோள்களுள் 145ஐ மீண்டும் சோதித்து, 5 மட்டுமே நழுவின என்று 1978இல் வெளியிட்டனர். இதுதான் திறந்த அறுவையின் பெருமைக்குரிய எண்: 3.5 சதவீதம்.

நுண்துளை முறையும் இதே வளையத்தைத்தான் தைக்கிறது. செய்யும் வேலை ஒன்றே. போகும் வழி வேறு. 1980களில் உலோகக் கொக்கியால் அடித்துப் பொருத்திப் பார்த்தார்கள், நன்றாக அமையவில்லை. பின்னர் நூல் கோத்த சிறு நங்கூர ஆணிகளை விளிம்பில் பதித்துத் தைக்கும் முறை வந்து நிலைத்தது.

வேலை ஒன்றே என்றால் பலனும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் 2000ஆம் ஆண்டில் பர்க்கார்ட், டி பீர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவருமே நுண்துளை முறையில் தேர்ந்தவர்கள். அதைக் குறைகூறும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. தாங்கள் செய்த 194 அறுவைகளில் 21 தோள்கள் மீண்டும் நழுவின. கணக்கிட்டால் ஏறத்தாழ 11 சதவீதம். நம்மில் பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுவோம். அவர்கள் நிற்கவில்லை. 194 பேரையும் இரண்டாகப் பிரித்தார்கள். எலும்பில் பெரிய இழப்பு இல்லாத 173 பேரில் நழுவியவர்கள் 7. அதாவது 4 சதவீதம். எலும்பு கணிசமாகத் தேய்ந்தோ பள்ளமாகியோ இருந்த 21 பேரில் நழுவியவர்கள் 14. அதாவது 67 சதவீதம்! அப்படியானால் 11 சதவீதம் என்ற சராசரி யாருக்குரியது? ஒருவருக்கும் உரியதன்று. எலும்பு நன்றாக இருப்பவரை அது வீணாக அச்சுறுத்துகிறது. எலும்பு போனவருக்கு வீண் நம்பிக்கை ஊட்டுகிறது.

எலும்பு போனால் ஏன் இப்படி ஆகிறது? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை 24 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் ஒரு வில்லாகக் கொள்வோம். அகலம் 26 மி.மீ. உராய்வு இல்லை என்க. நடுவிலிருந்து முன்விளிம்பு வரை 13 மி.மீ. விளிம்பில் கிண்ணத்தின் சரிவுக் கோணத்துக்கு சைன் மதிப்பு 24இல் 13. கோணம் ஏறத்தாழ 33 பாகை. இதன் டேன்ஜென்ட் 0.64. பொருள் என்ன? தசைகள் தலையைக் கிண்ணத்துக்குள் 100 பங்கு விசையோடு அழுத்தினால், பக்கவாட்டில் 64 பங்கு விசை தள்ளும் வரை தலை விளிம்பைத் தாண்டாது. இப்போது முன்விளிம்பில் 6 மி.மீ. எலும்பு போய்விட்டது என்க. மிச்சம் 7 மி.மீ. கோணம் 17 பாகை. டேன்ஜென்ட் 0.30. அகலத்தில் இழந்தது கால் பங்குக்கும் குறைவு. முன்பக்கத் தாங்குதிறனில் இழந்தது பாதிக்கும் மேல்! உயிருள்ள தோள் இதைவிடச் சிக்கலானது என்பது உண்மைதான். ஆனால் கரண்டியின் விளிம்பு உடைந்தபின் எலுமிச்சம்பழத்தைத் துணியால் கட்டி ஓட முயல்வதில் உள்ள சங்கடம் உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். இட்டோய் குழுவினர் சடலத் தோள்களில் சோதித்து, கிண்ணத்தின் நீளத்தில் 21 சதவீத அளவுக்கு எலும்பு இழந்தால் மென்திசுவைத் தைத்தபின்னும் நிலைப்பு திரும்புவதில்லை என்று 2000இல் காட்டினர். பின்வந்தோர் சிலர் இந்த எல்லைகூட மிகுதி, இதற்குக் கீழேயே தொல்லை தொடங்குகிறது என்கின்றனர். கிண்ணத்தில் 1 மி.மீ. என்பதே ஏறக்குறைய 4 சதவீதம் என்பதை மறக்கலாகாது.

தலையிலும் சேதம் உண்டு. வெளியே நழுவிய தலையின் பின்புறம் கிண்ணத்தின் விளிம்பில் அழுந்திப் பள்ளமாகிவிடுகிறது. ஹில், சாக்ஸ் என்ற எக்ஸ்ரே வல்லுநர்கள் 1940இல் விவரித்த பள்ளம் இது. கையை உயர்த்திப் பின்னே சாய்க்கும்போது இப்பள்ளம் விளிம்புக்கு நேரே வந்து, சாலைக் குழியில் சக்கரம் இறங்குவதுபோல் இறங்கிவிடும். ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடித்து நிற்கையில் வண்டி உலுக்கினால் கை இருக்கும் நிலை இதுவே. மூட்டையை லாரிமேல் எறியும்போதும் இதே நிலைதான்.

எலும்பு போன தோளுக்கு எலும்பைத்தான் தர வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் லத்தார்ஜே என்பவர் 1954இல் ஒரு வழி கண்டார். தோள்பட்டை எலும்பின் முன்புறம் காக்கை அலகு போன்ற ஒரு முனை உண்டு. அதைத் தசைநாணோடு வெட்டியெடுத்து, கிண்ணத்தின் உடைந்த முன்விளிம்பில் வைத்துத் திருகாணியால் முடுக்குவது. விளிம்பு அகலமாகிறது, கை உயரும்போது ஒட்டியுள்ள தசைநாண் ஒரு வார்போல் தலையை முன்னின்று தாங்குகிறது. இது பெரிய அறுவை. 45 ஆய்வுகளையும் 1,904 தோள்களையும் தொகுத்து 2013இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, மீண்டும் முழுதாக நழுவியவை 2.9 சதவீதமே. ஆனால் சிறிதும் பெரிதுமாக ஏதோ ஒரு சிக்கல் 30 சதவீதத்தில் நேர்ந்தது. மறு அறுவை தேவைப்பட்டவை 7 சதவீதம். நரம்பு அருகில், திருகாணி உலோகம், ஒட்டவேண்டியது எலும்பு. எனவே எலும்பு நன்றாக உள்ளவருக்கு இதைச் செய்வது மிதிவண்டிப் பஞ்சருக்கு டயரை மாற்றுவது போன்றது.

இன்னொன்றும் கேளுங்கள். பிரான்சிலேயே லஃபோஸ் என்பவர் இந்த எலும்பு மாற்றத்தையும் துளை வழியாகவே செய்து 2007இல் வெளியிட்டார். அப்படியானால் 'துளையா, திறப்பா' என்ற கேள்வியே பக்கத்தில் போய்விடுகிறது. உள்ளே செய்யவேண்டிய வேலை தையலா, எலும்பா என்பதே முதற் கேள்வி. எந்த வழியாகப் போவது என்பது அதற்குப் பிறகு, அம்மருத்துவரின் கை எதில் பழகியிருக்கிறது என்பதையும் பொறுத்து முடிவாவது.

ஆய்வுகளையும் சற்று ஐயத்தோடு பார்ப்போம்

வேலையும் நோயாளியும் ஒன்றாகவே இருந்தால் வழி மாறுவதால் பலன் மாறுமா? கனடாவில் மொட்டாடி குழுவினர் 196 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் திறந்தும் மறு பாதிக்குத் துளை வழியாகவும் வளையத்தைத் தைத்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு ஆண்டு முடிவில் நோயாளிகள் தம் வாழ்க்கை பற்றித் தந்த மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ஆனால் மீண்டும் நழுவியது, திறந்தவர்களில் 11 சதவீதம், துளையில் 23 சதவீதம். இளவயது ஆண்களிடமும், எக்ஸ்ரேயில் தலைப்பள்ளம் தெரிந்தவர்களிடமும் ஆபத்து மிகுதி என்றும் கண்டனர்.

ரோவின் 3.5 சதவீதத்தையும் இந்த 23 சதவீதத்தையும் அருகருகே வைத்து, "பார்த்தீர்களா, பழையதே மேல்" என்று சொல்பவர்கள் உண்டு. இதுவும் தவறு. ஒன்று தம் மருத்துவமனையில் தாமே செய்து தாமே எண்ணியது. மற்றொன்று குலுக்கிப் பிரித்து எண்ணியது. ஒன்றில் முழுதாக நழுவியதை மட்டும் எண்ணுவார்கள். இன்னொன்றில் பாதி நழுவி மீண்டதையும் எண்ணுவார்கள். ஒரே அளவுகோல் இல்லாமல் இரு நீளங்களை ஒப்பிட்டால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் தருவோமா? நியாயமாக ஒப்பிடத் தக்கது அந்த 11ம் 23ம்தான். அங்கேயும் இரண்டு ஆண்டு போதாது. தோள் ஐந்தாம் ஆண்டிலும் நழுவும். திறந்த முறையில் செய்த அறுவை எல்லாமே நல்லது என்பதும் இல்லை. பழைய காலத்தில் முன்தசையை மடித்து இறுக்கித் தைக்கும் ஒருவகை அறுவை பரவலாக நடந்தது. தோள் நழுவவில்லை; ஆனால் கை வெளிப்புறம் திரும்பவும் இல்லை, பல ஆண்டுகளுக்குப் பின் மூட்டே தேய்ந்தது. நழுவல் சதவீதத்தில் மட்டும் கண் வைத்தால் இப்படிப்பட்ட தோல்வியும் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அறுவையே வேண்டாதவர்களும் உள்ளனர். சுவீடனில் ஹொவெலியஸ் என்பவர், முதன்முறை தோள் நழுவியவர்களை 1978 முதல் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் எழுதினார். அறுவை செய்யாமலே விடப்பட்ட 12 முதல் 25 வயதுக்காரர்களில் ஏறத்தாழப் பாதித் தோள்கள் மீண்டும் நழுவவே இல்லை, அல்லது காலப்போக்கில் தாமே நிலைப்பட்டன. மூன்று நான்கு வாரம் கையைக் கட்டி வைத்ததால் மறுநழுவல் குறையவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. நம் பகுதியில் "கட்டு சரியாகப் போடவில்லை, அதனால்தான் மறுபடி நழுவியது" என்று தாய்மார்கள் தம்மையே நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். இம்மாணவனின் தாயும் அப்படித்தான் சொன்னார். அவர் அப்படி நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, இது ஏழை வீட்டைப் பொறுத்தது. பேங்க்கார்ட் எலும்பில் துளையிட்டு வெறும் நூலால்தான் தைத்தார். நுண்துளை முறையில் ஒவ்வொரு நங்கூர ஆணிக்கும் தனி விலை. செலவைக் குறைக்க வேண்டும் என்று வீட்டார் கெஞ்சினால் முதலில் குறைவது ஆணிகளின் எண்ணிக்கைதான். பிரான்சில் புவாலோ குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றோ அதற்குக் குறைவாகவோ ஆணி பதித்தவர்களிடம் மறுநழுவல் கூடுதலாக இருந்தது. பாதிப் பணத்தில் பாதி அறுவை செய்துகொள்வது சிக்கனமன்று. வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. தனியாரிடம் கடன் வாங்கிக் கட்டுவதற்குமுன் இவ்விரண்டையும் கேட்டறிவது நல்லது. எத்தனை ஆணி, ஏன் அத்தனை என்று மருத்துவரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இவ்வளவும் சொன்னபின், "சார், எனக்கு எது?" என்று மாணவன் கேட்டான். பால்க், புவாலோ என்ற இருவர் 2007இல் 131 நோயாளிகளைக் கொண்டு அமைத்த ஒரு மதிப்பெண் முறையை அவனுக்குக் காட்டினேன். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். விசாரணையும் சோதனையும் சாதாரண எக்ஸ்ரேயும் போதும். அறுவையின்போது வயது 20 அல்லது குறைவு என்றால் 2. போட்டி விளையாட்டு ஆடுபவர் என்றால் 2. அது மோதும் விளையாட்டோ, கையைத் தலைக்குமேல் வீசும் விளையாட்டோ ஆனால் 1. மூட்டுகள் இயல்பாகவே மிகத் தளர்ந்தவை என்றால் 1. கையை வெளிப்புறம் திருப்பி எடுத்த எக்ஸ்ரேயில் தலைப்பள்ளம் தெரிந்தால் 2. கிண்ணத்தின் கீழ்விளிம்புக் கோடு அழிந்திருந்தால் 2. மொத்தம் 10. ஆறு வரை பெற்றவர்களில், துளைவழித் தையலுக்குப்பின் மீண்டும் நழுவியவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம். ஆறுக்கு மேல் பெற்றவர்களில் 70 சதவீதம். பின்னர் சோதித்தவர்களுள் சிலர் எல்லையை ஆறில் வைப்பதே தாராளம், நான்கிலேயே எச்சரிக்கை வேண்டும் என்றனர். 131 பேர் என்பது சிறு கூட்டம். இந்த மதிப்பெண்ணை வேதமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் துளையின் அளவைத் தவிர வேறு எதைக் கேட்க வேண்டும் என்பதை அது கற்றுத் தருகிறது. இந்த ஆறு கேள்விகளில் ஒன்றுகூட அந்தத் துண்டறிக்கையில் இல்லை.

அவன் வயதுக்கு 2, மாவட்டப் போட்டிக்கு 2, கபடி மோதும் ஆட்டம் என்பதால் 1. எக்ஸ்ரே எடுக்கும் முன்பே 5 ஆகிவிட்டது. விரலைப் பின்னால் வளைத்துக் காட்டச் சொன்னேன். தளர்ச்சி ஒன்றும் தெரியவில்லை. இந்த வாரம் அரசு மருத்துவமனையில் எடுத்த படத்தில் தலைப்பள்ளம் தெளிவாகத் தெரிகிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆக 7. கிண்ணத்தின் விளிம்பைப் பற்றி அப்படத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம், எத்தனை மி.மீ. போயிருக்கிறது என்று அளக்கச் சி.டி. படம் எடுக்க வேண்டும் என்று எழுதித் தந்திருக்கிறார். அடுத்த வியாழனன்று வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ரயிலில் இடக்கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். துண்டறிக்கை என் மேசையிலேயே இருக்கிறது. அதன் மறுபக்கம் வெற்றாக இருந்ததால் இந்தக் கூட்டலை அதிலேதான் போட்டோம்.